கடல்நீர்த் தொட்டி கலங்கலாகவே இருக்கிறது, ஹட்டன் குளிருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சிங்கமலை (ஹட்டன்):

எல்லோருக்கும் வணக்கம். 120 லீற்றர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், போன வருடக் கடைசியில் தொடங்கியது. கோமாளி மீன் இரண்டு, நீல டாம்செல் ஒன்று, சில நத்தைகள், கொஞ்சம் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கிற கடல் கல்), அடியில் அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல். பின்பக்கம் தொங்கவிடுகிற, நுரை எழுப்பி அழுக்கை எடுக்கிற சின்ன ஸ்கிம்மர், தண்ணீரைச் சுழற்ற இரண்டு பவர்ஹெட், 200 வாட் ஹீற்றர். தண்ணீர் ஆர்ஓ வடிகட்டியில் எடுத்தது, உப்பு வாளியில் வருகிற செயற்கைக் கடலுப்பு.

மாசி, பங்குனியில் எல்லாம் நல்ல தெளிவு, அடுத்த பக்கத்துச் சுவரில் இருக்கிற கீறல்கூடத் தொட்டிக்குள்ளால் தெரியும். மழை தொடங்கி மூடுபனியும் இறங்கின பிறகுதான் இந்தப் பிரச்சினை. தண்ணீர் முழுக்க அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை. காலையில் அதிகமாக இருக்கும், இரவாக ஆகக் கொஞ்சம் குறைகிற மாதிரி தெரியும், சரி போய்விட்டது என்று நினைத்தால் அடுத்த நாள் பழையபடி. பஞ்சு பில்டரை மாற்றினேன், தீனியைப் பாதியாகக் குறைத்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

அமோனியா பூச்சியம், நைட்ரைட் பூச்சியம், நைட்ரேட் 10 பக்கத்தில். வெப்பநிலை 25 பாகை. பிஎச் மட்டும் 7.7, 7.8ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டதற்கு அப்பச்சோடா போடச் சொன்னார்கள், தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி போட்டு வருகிறேன், அதற்கும் பிஎச் அசைகிற மாதிரி இல்லை. இப்போது அதே கடையில் இது பக்டீரியா என்று சொல்லி, கிருமியைக் கொல்கிற யூவி விளக்கும் தண்ணீர் தெளிகிற மருந்து ஒரு போத்தலும் வாங்கச் சொல்கிறார்கள். யூவி விளக்கின் விலை உங்களுக்குத் தெரியும்தானே. வாங்குவதற்கு முதல் இங்கே ஒருமுறை கேட்டுவிடலாம் என்று வந்தேன். மீன்கள் நன்றாகத்தான் சாப்பிடுகின்றன.


மாத்தளையான்:

தம்பி, தண்ணீரை முழுசாக இறைத்துவிட்டு மணலை நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் விடுங்கள். என் கப்பி மீன் தொட்டி கலங்கினால் நான் அதைத்தான் செய்வேன், அடுத்த நாளே பளிச்சென்று ஆகிவிடும்.


ஊவாக்காற்று (பண்டாரவளை):

மாத்தளை அண்ணா கோபிக்க வேண்டாம், கப்பிக்கு அது சரிவரலாம், ஏனென்றால் கப்பி எதையும் தாங்கும். கடல்நீர்த் தொட்டியில் மணலைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அமோனியாவைத் தின்கிற பக்டீரியா அங்கேயே செத்துப்போகும், அப்புறம் தொட்டி முதல் நாள் நிலைமைக்குப் போய்விடும். தம்பி, அதைச் செய்ய வேண்டாம். போத்தலில் வருகிற மருந்தும் இப்போதைக்கு வேண்டாம். என்ன கலங்கல் என்று தெரியாமல் தொட்டிக்குள் இன்னொன்றை ஊற்றினால், பிறகு எதனால் எது வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை எடுத்து, கறுப்புத் துணியையோ கறுப்புத் தாளையோ பின்னால் வைத்து ஒரு பக்கத்தில் வையுங்கள். இரண்டொரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி, ஸ்கிம்மரோ பவர்ஹெட்டோ காற்றை இழுத்துத் துப்புகிறது, ஒட்டுப் பிசகியிருக்கும் அல்லது தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும். சில மணித்தியாலத்தில் அடியில் தூள் படிந்து மேலே தெளிந்தால் ஏதோ ஒரு துகள். இரவு முழுக்க வைத்தும் அப்படியே நின்றால், வாடையும் கொஞ்சம் இருந்தால், அப்போது பக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். பச்சையாக இருந்தால் பாசி, அது உங்களுக்கு இல்லை.

துகள் என்றாலும் அதில் இரண்டு வகை. எங்கள் பக்கத்தில் பீலித் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் களிமண் வரும். நல்ல தண்ணீரில் அந்தக் களிமண் நாள்கணக்கில் மிதக்கும், உப்புத் தண்ணீரில் சேர்ந்து திரண்டு சீக்கிரம் படிந்துவிடும், மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடும்போது வண்டலை இறக்குவதற்கும் இது ஒரு காரணம். உங்களிடம் ஆர்ஓ இருக்கிறதே, அதனால் இதை விட்டுவிடலாம். மற்றது சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கலங்கின தண்ணீரை இரண்டு குவளையில் எடுத்து, ஒன்றில் மட்டும் கொஞ்சம் வினாகிரி விட்டுக் கலக்குங்கள். வினாகிரி விட்டது தெளிந்து, மற்றது அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம், சுண்ணாம்புதான். குவளையில் மட்டும், தொட்டிக்குள் வினாகிரி ஊற்றிவிடாதீர்கள், பக்டீரியாவுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும், பிறகு உண்மையிலேயே யூவி தேவைப்படும்.

இன்னும் இரண்டு கேள்வி. ஹீற்றரைப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்கு பிடித்திருக்கிறதா? மணலை விரலால் கிண்டினால் உதிருகிறதா, கட்டியாக வருகிறதா? அப்புறம் காரத்தன்மை, அதாவது தண்ணீர் அமிலத்தைத் தாங்குகிற சக்தி, அதைப் பார்க்கிற கேஎச் டெஸ்ட் வைத்திருக்கிறீர்களா, நீங்கள் எழுதினதில் அதை மட்டும் காணவில்லை.


நானுஓயா:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்கு என்னவோ இது பக்டீரியா போலத்தான் படுகிறது. போன வருடம் எனக்கும் இதே வெள்ளைதான் வந்தது. ஊரில் கலியாணம் என்று வீட்டோடு போய்விட்டோம், பக்கத்து வீட்டுப் பிள்ளை பாசத்தில் தீனியை அள்ளிப் போட்டிருக்கிறது, வந்து பார்த்தால் தொட்டிக்குள் மீன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

எதுவாக இருந்தாலும் மலையில் இருக்கிறவர்கள் ஒக்சிசனை மறக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஒக்சிசனைப் பிடிக்கும். கடல் மட்டத்தில் 25 பாகைக் கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் கரையும், நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் 5.4 கிடைத்தாலே பெரிய விடயம். ஹட்டன் எங்களைவிட இறக்கம்தான், என்றாலும் கொழும்பில் இருக்கிறவர் காட்டுகிற அலட்சியத்தை நாங்கள் காட்ட முடியாது. பக்டீரியா பெருகினால் இருக்கிற கொஞ்ச ஒக்சிசனையும் அது குடித்துவிடும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒரு பவர்ஹெட்டைத் திருப்பி மேற்பரப்பு நன்றாகக் குலுங்குகிற மாதிரி வையுங்கள், செலவில்லாத வேலை. பற்றரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போனபோது தொட்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அதற்கு முந்தியும் பிந்தியும்கூட இங்கே காற்று மழைக்கு மரம் லைனில் விழுந்தால் அன்றைக்கு இருட்டுத்தானே.


சிங்கமலை:

அண்ணா, நீங்கள் சொன்ன குவளைச் சோதனையைச் செய்தேன். வினாகிரி விட்டது கண் முன்னாலேயே தெளிந்துவிட்டது! மற்றக் குவளையில் காலையில் பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு. ஹீற்றரில் கீழ்ப்பாதி முழுக்கச் சொரசொரப்பாக வெள்ளை. நான் அதை ஒரு வகைப் பாசி என்று நினைத்திருந்தேன். மணல் ஹீற்றருக்குக் கீழே கட்டியாக இருக்கிறது, மற்ற இடத்தில் உதிருகிறது.

கேஎச் டெஸ்ட் கண்டியிலிருந்து எடுப்பித்தேன். ஒரு சொட்டுக்கு ஒரு டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) என்று போட்டிருக்கிறது. நீலம் மஞ்சளாக மாறுவதற்கு 17 சொட்டுப் போனது. இது கூடவா?

நானுஓயா அண்ணா, பவர்ஹெட்டைத் திருப்பிவிட்டேன், நன்றி.


ஊவாக்காற்று:

அண்ணா இல்லை தம்பி, அக்கா. பரவாயில்லை.

17 கூடவா என்றால், நல்ல கூட. கடலில் 7 பக்கம்தான் இருக்கும், தொட்டியில் 8, 9 வைத்தால் போதும். கணக்கைப் பாருங்கள், 100 லீற்றரில் ஒரு டிகேஎச் ஏற்ற 3 கிராம் அப்பச்சோடா போதும். கல்லும் மணலும் பிடிக்கிற இடத்தைக் கழித்தால் உங்கள் தொட்டியில் உள்ள தண்ணீரே 100 லீற்றர் தேறும். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம். அப்படியானால் ஒவ்வொரு காலையும் ஒன்றரைக்கு மேல் ஏறுகிறது, அதைச் செலவழிக்கக் கல்பவளம் ஒன்றும் உங்களிடம் இல்லை. ஓர் அளவுக்கு மேல் தண்ணீரால் அதைத் தாங்க முடியாது, கல்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் பிரிந்து கொட்டுகிறது. காலையில் வெள்ளை, இரவில் குறைவு என்று எழுதியிருந்தீர்களே, சோடா போடுகிற நேரத்துக்கும் அதற்கும் பொருந்துகிறதுதானே. சூடு கூடினால் கல்சியம் காபனேற்று இன்னும் இலேசாகப் பிரியும், அதனால்தான் ஹீற்றரில் முதலில் பிடித்தது. கரையோரத்தில் ஹீற்றரே தேவையில்லை, நம் ஊரில் ஆடிக் குளிருக்கு அது இரவு முழுக்க நிற்காமல் எரிகிறது, அந்தச் சூட்டுக் குழாயைச் சுற்றியே தொழிற்சாலை நடக்கிறது.

சரி, ஏன் பிஎச் ஏறவில்லை? அப்பச்சோடா பிஎச்சை ஏற்றுகிற சாமான் இல்லை, அது ஏற்றுவது காரத்தன்மையை. இரண்டும் வேறு. உங்கள் பிஎச் இறங்கினதற்குக் காரணம் தொட்டிக்குள் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். மழையும் பனியும் தொடங்கின பிறகு ஜன்னலைத் திறப்பதில்லை, சரியா? ஆட்கள் எல்லோரும் உள்ளே, காஸ் அடுப்பும் உள்ளே. வெளிக் காற்றில் காபனீரொட்சைட்டு இப்போது 420 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கிறது, அடைத்த அறையில் அது 1000த்தைத் தாண்டுவது சாதாரணம். அது தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும், இரண்டு மடங்கானாலே பிஎச் கிட்டத்தட்ட 0.3 இறங்கும். மாசியில் ஜன்னல் திறந்திருந்தது, பிஎச்சும் நன்றாக இருந்திருக்கும்.

இதையும் நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, வெளியே முற்றத்தில் வைத்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு மணித்தியாலம் காற்று விடுங்கள், பிறகு பிஎச் பாருங்கள். வெளியே வைத்தது ஏறியிருந்தால் குற்றவாளி வீட்டுக் காற்று. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், கொழும்பில் கதவு ஜன்னல் திறந்தே கிடக்கிற வீட்டுக்கு எழுதின அறிவுரையைத்தான் அவர்களும் சொல்கிறார்கள்.

செய்ய வேண்டியது: சோடாவை இன்றோடு நிறுத்துங்கள். வெள்ளை தானாகப் படியும், பஞ்சு பில்டரை அடிக்கடி அலசினால் இன்னும் சீக்கிரம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து, பதினைந்து சதவீதம் மாற்றுங்கள், காரத்தன்மையை ஒரேயடியாக இறக்க வேண்டாம், மீனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாவிட்டாலும் நத்தைக்கும் கல்லில் இருக்கிற உயிர்களுக்கும் அது கஷ்டம். ஹீற்றரின் பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறின பிறகு வெளியே எடுத்து வினாகிரியில் ஊறவிடுங்கள், பொருக்கு நுரைத்துக் கழன்றுவிடும். சூட்டோடு எடுத்தால் கண்ணாடி வெடிக்கும். குளிர் இரவில் நீண்ட நேரம் ஹீற்றர் இல்லாமல் விடக்கூடாது, பகல் வேளையில் செய்யுங்கள். பவர்ஹெட்டின் சுழலியையும் கழற்றிப் பாருங்கள், அதிலும் பிடித்திருக்கும். சிலர் அப்பச்சோடாவைச் சட்டியில் வறுத்துப் போட்டால் பிஎச் ஏறும் என்பார்கள், உண்மைதான், ஆனால் இப்போது உங்கள் தொட்டியில் அதைப் போட்டால் பனியே கொட்டும்.


நானுஓயா:

சரி, வினாகிரியில் தெளிந்தது என்றால் நான் வாதாட ஒன்றும் இல்லை. அக்கா சொல்வது சரி.

ஹீற்றரைப் பற்றி ஒரு விடயம். ஐந்து பாகை ஏற்ற லீற்றருக்கு ஒரு வாட் என்று வையுங்கள். உங்கள் அறை இரவில் 14, 15க்கு இறங்கினால் பத்து பாகை ஏற்ற வேண்டும், அப்படியானால் 120 லீற்றருக்கு 240 வாட். 200 வாட் ஒன்று ஓயாமல் எரிவதில் ஆச்சரியம் இல்லை. 300 வாட் ஒன்றை வாங்காமல் 150 வாட் இரண்டு வாங்கி இரண்டு மூலையில் போடுங்கள். ஒன்று செத்தாலும் மற்றது காலை வரைக்கும் தாங்கும், ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் மீன் அவிந்துபோகாது. பின் கண்ணாடிக்கும் பக்கங்களுக்கும் சூடு போகாமல் ரெஜிபோம் அட்டை ஒட்டினால் கரண்ட் பில்லில் தெரியும்.


கம்பளைத் தம்பி:

இந்த இழையில் நுழைந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நானும் ஒரு தொட்டி தொடங்கப் போகிறேன். செயற்கைக் கடலுப்பு வாளியின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆனையிறவுக் கல்லுப்போ புத்தளம் உப்போ வாங்கிப் பாதிப் பாதி கலந்தால் என்ன? அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே. இல்லாவிட்டால் நீர்கொழும்பிலிருந்து நேராகக் கடல் தண்ணீரே கேனில் கொண்டு வந்தால்?


நானுஓயா:

கல்லுப்பு வேண்டாம் தம்பி. அது கடலிலிருந்து வந்ததுதான், ஆனால் கடலில் இருந்ததெல்லாம் அதில் வரவில்லை. உப்பளத்தில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் அடியில் இறங்கிவிடும், அதற்குப் பிறகுதான் உப்பு விளையும், மக்னீசியம் கடைசி வரைக்கும் அந்தக் கசப்புத் தண்ணீரிலேயே நின்றுவிடும், அதை வடித்துவிடுவார்கள். ஆக உங்களுக்குக் கிடைப்பது சோடியம் குளோரைட்டு மட்டும்தான். கடலில் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம், 1300 அளவில் மக்னீசியம். மக்னீசியம் குறைந்தால் மேலே சிங்கமலைத் தம்பிக்கு வந்த சுண்ணாம்புக் கலங்கல் இன்னும் சுலபமாக வரும். நோயில் மீனைச் சிறிது நேரம் குளிப்பாட்ட வேண்டுமானால் கல்லுப்பு சரி, நிரந்தரமாக வாழ அல்ல.

கடல் தண்ணீர் நல்லதுதான், நான் அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் வைகாசியிலிருந்து புரட்டாசி வரை மேற்குக் கரை கொந்தளிப்பு, ஒரே கலங்கல், அந்த மாதங்களில் நிலாவெளிப் பக்கம் போகிற லொறிக்காரர் யாரையாவது பிடிப்பேன். களப்பு வாய்க்கும் ஆற்று வாய்க்கும் பக்கத்தில் அள்ளக் கூடாது. கொண்டு வந்த கேனை மூடி மூலையில் வைத்தால் உள்ளே உள்ள நுண்ணுயிர் எல்லாம் செத்து அழுகி முட்டை நாற்றம் எடுக்கும், வந்த கையோடு துணியால் வடித்து, காற்று விட்டு, இருட்டில் வைத்த பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும்.

இன்னொன்று, உப்புக் கலக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் ஹைட்ரோமீட்டரை (அடர்த்தியை வைத்து உப்பை அளக்கிற கருவி) போட்டு அளக்காதீர்கள். அது 25 பாகைக்குச் செய்தது. 15 பாகைத் தண்ணீர் அடர்த்தி கூட, அதனால் இருக்கிறதைவிட 0.002 அளவு கூட்டிக் காட்டும், நீங்கள் 1.025 என்று சந்தோஷப்படுவீர்கள், உண்மையில் உப்புப் போதாது. சூடாக்கி அளவிடுங்கள்.


சிங்கமலை:

அக்கா, மன்னிக்கவும், நன்றியும். முற்றத்து வாளியில் 8.1 வந்தது, அதே நேரம் தொட்டியில் 7.8. சோடாவை நிறுத்தின பிறகு கலங்கல் விட்டுவிட்டது, இப்போது சுவர்க் கீறல் மறுபடி தெரிகிறது. கேஎச் மெதுவாக இறங்கிக்கொண்டு வருகிறது. ஹீற்றரில் இருந்து உரிந்த பொருக்கைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அதிசயப்பட்டார்கள்.

தண்ணீர் மாற்றுவதிலும் ஒரு சந்தேகம் இருந்தது, ஆவியாகிக் குறைகிற அளவு மழைக்காலத்தில்தான் கூட. குளிர் காற்று, சூட்டுத் தண்ணீர், அதனால்தானே? ஆர்ஓ தண்ணீர்தான் விடுகிறேன், உப்புத் தண்ணீர் இல்லை.

கடைசியாக ஒன்று. ஜன்னலைத் திறந்து வைக்க அம்மா விடமாட்டார், பனி உள்ளே வந்து உடுப்பெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும் என்கிறார். வேறு வழி உண்டா?


ஊவாக்காற்று:

அம்மா சொல்வதும் நியாயம்தான். ஸ்கிம்மர் காற்று இழுக்கிற சின்னக் குழாய் இருக்கிறதே, அதில் நீளமான குழாயை மாட்டி ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை போட்டு வெளியே விடுங்கள். ஸ்கிம்மர் வெளிக் காற்றை இழுத்துத் தண்ணீரில் நுரைக்கும், பிஎச் பெரும்பாலும் அதிலேயே 0.1, 0.2 ஏறும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம், உங்களிடம் உள்ள உயிர்களுக்கு 7.9, 8.0 தாராளம். வெளி நுனியைக் கீழ்நோக்கி வளைத்து நுளம்பு வலைத் துண்டைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பனித்துளியும் பூச்சியும் உள்ளே போகும். குசினிப் புகை வருகிற பக்கம் வேண்டாம். ஜன்னல் தேயிலை மலைப் பக்கம் என்றால் மருந்து அடிக்கிற நாளில் குழாயை உள்ளே இழுத்துவிட வேண்டும், பூச்சி மருந்து இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும்.

ஆவியாகிறது பற்றிச் சொன்னது சரி, அப்படியே தொடருங்கள்.


சிங்கமலை:

பின் ஜன்னல் நேரே மலைக்குத்தான். எந்தக் கிழமையில் அடிக்கிறார்கள் என்று கங்காணியிடம் கேட்டு வைக்கிறேன். குழாய் ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறேன் அக்கா.